ஒரு மீற்றருக்கு ஒரு கோடி: ஞாயிற்றுத் தொகுதியைப் பிள்ளைகள் நடந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் பகுதிகளிலும் வகுப்பறைச் சுவர்களிலும் பயிற்சிப் புத்தகங்களிலும் ஞாயிற்றுத் தொகுதி என்றால் ஒரே படம்தான். இடது ஓரத்தில் சூரியன் பாதி தெரியும். எட்டுக் கோள்களும் கோயில் அன்னதான வரிசைபோல ஒன்றின் முதுகோடு ஒன்று ஒட்டி நிற்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கிறவல் கொட்டினாற்போலச் சிறுகோள்கள். மேல் மூலையில் ஒரு வால்வெள்ளி. அதன் வால் எந்தப் பக்கம் நீண்டால் என்ன என்கிற மாதிரி இருக்கும். இந்தப் படத்தைப் பார்த்து எட்டுப் பெயரையும் பாடமாக்கிய பிள்ளை புலமைப்பரிசில் வினாத்தாளில் சரியாகவே எழுதும். அதே பிள்ளையிடம், சூரியனுக்கும் புவிக்கும் இடையில் எத்தனை சூரியன்களை அடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு என்று சொல்லும். விடை 107.

படம் வரைபவர் மேல் பழியில்லை. பத்திரிகைப் பக்கத்தின் 20 சென்ரிமீற்றருக்குள் சூரியனிலிருந்து நெப்டியூன் வரை அளவுப்படி வரையப் போனால், புவியின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. எந்த அச்சு இயந்திரத்திலும் அது விழாது. ஆகவே படம் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் என்று கீழே ஒரு வரி போடலாமே: ‘இது அளவுப்படி வரைந்த படம் அன்று, தூரங்களும் பருமன்களும் மாற்றப்பட்டுள்ளன.’ தங்கள் சிறுவர் பகுதியில் இனி இந்த வரி இல்லாமல் அப்படம் வர வேண்டாம் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

அடுத்தது, பிள்ளைகளை வெளியில் கூட்டிப் போய் அந்தத் தூரத்தை நடக்கவிடுவது. இதற்கு நம்முடைய இலட்சம், கோடிக் கணக்கு அருமையாகக் கைகொடுக்கிறது. 1 மீற்றரை 1 கோடி கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 சென்ரிமீற்றர் 1 இலட்சம் கிலோமீற்றர் ஆகிவிடும். 1 மில்லிமீற்றர் 10,000 கிலோமீற்றர். வேறு வகுத்தல் பெருக்கல் தேவையே இல்லை. சூரியனிலிருந்து புவி 15 கோடி கிலோமீற்றர், எனவே 15 மீற்றர். சூரியனின் விட்டம் 13.9 இலட்சம் கிலோமீற்றர், எனவே 14 சென்ரிமீற்றர். நிலவு 3.84 இலட்சம் கிலோமீற்றர் தள்ளியிருக்கிறது, எனவே புவியிலிருந்து 4 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மில்லியனில் பழகியவர்களுக்கு இந்த வசதி இல்லை!

சூரியனுக்குப் பந்து தேட வேண்டாம். கவராயத்தை 7 சென்ரிமீற்றருக்கு விரித்து மஞ்சள் அட்டையில் வட்டம் வெட்டினால் போதும். பலூன் ஊதி வைப்பவர்கள் உண்டு. வெயிலில் அது பருக்கும், மத்தியானத்துக்குள் சுருங்கும், அளவு கெட்டுவிடும். கோள்களுக்குச் சமையலறைக்குப் போகலாம். புவியும் வெள்ளியும் ஆளுக்கொரு குரக்கன் மணி, ஏறத்தாழ 1.2, 1.3 மில்லிமீற்றர். கடுகு கொஞ்சம் பெரிது; வேறு கிடைக்காவிட்டால் அதில் சிறியதாகப் பொறுக்கலாம். செவ்வாய் 0.7 மில்லிமீற்றர், ஒரு ரவைத் துணுக்கு. புதன் அரை மில்லிமீற்றர், கடற்கரை மணலில் ஒரு பொட்டு. வியாழன் 14 மில்லிமீற்றர். கடையில் விற்கும் சாதாரண போளை இதைவிட ஒரு சுற்றுப் பெரிது, ஆனாலும் பரவாயில்லை. சனியைக் களிமண்ணில் 12 மில்லிமீற்றர் உருண்டையாக உருட்டி, வெளிவிட்டம் 27, உள்விட்டம் 15 மில்லிமீற்றர் வரும்படி அட்டையில் வளையம் வெட்டிச் சரித்துப் பொருத்தலாம். யுரேனஸும் நெப்டியூனும் இரண்டு மிளகு.

இந்தத் தானியங்களைக் கையில் கொடுத்து நடக்கவிட்டால் முதல் ஐந்து நிமிடத்திலேயே செவ்வாய் தொலைந்துவிடும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றையும் A4 அளவு வெள்ளை அட்டையின் நடுவில் வைத்து மேலே தெளிந்த செலோடேப் ஒட்டி, கோளின் பெயரைத் தூரத்திலிருந்து வாசிக்கும்படி பெரிதாக எழுத வேண்டும். கோதுமைமாப் பசை வேண்டாம். மறுநாள் காலையில் பார்த்தால் எறும்பு புவியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

இனித் தூரம். புதன் 5.8 மீற்றர், வெள்ளி 10.8, புவி 15, செவ்வாய் 22.8. இவ்வளவும் ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் நீளத்துக்குள் அடங்கிவிடும். பிறகு திடீரென்று வியாழன் 78 மீற்றர், சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. மட்டக்களப்பில் இதற்கென்றே கட்டி வைத்தாற்போல ஓர் இடம் இருக்கிறது. பழைய கல்லடிப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 288 மீற்றர். நகரப் பக்கத்து முனையில் சூரியனை வைத்தால் சனி பாலத்தின் நட்டநடுவில் நிற்கும், யுரேனஸ் கல்லடிப் பக்கத்து முனையில் நிற்கும். நெப்டியூனுக்கு இன்னும் 160 மீற்றர் தாண்டிப் போக வேண்டும். 1977 இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் 2,500 கோடி கிலோமீற்றரையும் கடந்துவிட்டது. நம் கணக்கில் அது காத்தான்குடிக்குப் போகும் தெருவில் இரண்டரைக் கிலோமீற்றருக்கு அப்பால். மனிதன் காலடி வைத்த தூரமோ புவி அட்டையில் குரக்கன் மணியிலிருந்து இரண்டு விரலகலம்.

அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, நிந்தவூர், ஒலுவில் கடற்கரைகளில் ஈர மணல் இறுகிக் கிடக்கும் காலைநேரம் நல்லது. உள்ளே போனால் நேராக ஓடும் வாய்க்கால் கட்டு போதும். வளைந்த பாதையில் செய்யக்கூடாது. கடைசியில் நிற்கும் பிள்ளைக்குச் சூரிய அட்டை மறைந்துவிடும், திரும்பிப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாலத்தில் செய்வதானால் காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூட நிற்க வேண்டும், கைபிடிச் சுவர்ப் பக்கம் பிள்ளைகளை விடக்கூடாது.

தூரம் அளக்கத் தும்புக் கயிறு உதவாது, ஈரம் பட்டால் நீளம் மாறும். 30 மீற்றர் நாடாவைப் பதினைந்து தடவை போடலாம், ஒவ்வொரு முறையும் எங்கே விட்டோம் என்று சோக்கால் கோடு போடாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். எளிய வழி சைக்கிள். முன்சில்லின் ஒரு கம்பியில் துணி கட்டி, சில்லு ஒரு முறை முழுதாகச் சுற்றும்போது எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் அளந்துகொள்ளுங்கள். பெரியவர் ஓட்டும் சைக்கிளில் அது 2.1 மீற்றர் அளவில் இருக்கும். அப்படியானால் வியாழனுக்கு 37 சுற்று, சனிக்கு 68, நெப்டியூனுக்கு 214. சைக்கிளை உருட்ட ஒரு பிள்ளை, எண்ண இரண்டு பிள்ளைகள். எண்ணுகிறவர் ஒருவர்தான் என்றால் நூறுக்குப் பிறகு நிச்சயம் தடுமாறுவார்.

அளவு சரியா என்று பிள்ளைகளே சோதிக்க ஒரு வழி உண்டு. 15 மீற்றரில் புவி அட்டையுடன் நிற்கும் பிள்ளை சூரிய அட்டையைப் பார்த்து, கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் பிடிக்கட்டும். அட்டை விரலின் பாதி அகலத்தில் அடங்கும். அன்று இரவு முழுநிலவானால் அதையும் அப்படியே பிடித்துப் பார்க்கட்டும். அதே பாதி விரல். வானத்தில் சூரியனும் நிலவும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே பருமன் என்பதால் இது பொருந்துகிறது. உண்மையான சூரியனை இப்படிப் பார்க்கவே கூடாது என்பதை அப்போதே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். பிறகு யுரேனஸ் முனையிலிருந்து திரும்பிப் பார்த்தால் சூரியன் ஒரு மஞ்சள் புள்ளி. அங்கே ஏன் அவ்வளவு குளிர் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

நேரம் இருந்தால் ஒளியையும் நடக்கவிடலாம். ஒளி ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். நம் அளவில் செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர், மெதுவாக ஊரும் எறும்பின் வேகம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தின் மேல் பத்துச் செக்கனில் விரலை இழுத்துக் காட்டினால் போதும். அந்த வேகத்தில் சூரியனிலிருந்து புவிக்கு வர 8 நிமிடம் 20 செக்கன், நெப்டியூனுக்கு நாலு மணித்தியாலத்துக்கும் மேல். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். பிரொக்சிமா சென்டோரி நம் அளவில் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். கல்லடியில் சூரியனை வைத்தால் அடுத்த சூரியன் சவூதியின் தமாம் நகரப் பக்கம். அங்கே வேலைக்குப் போன உறவு இல்லாத வீடு நம் பகுதியில் குறைவு. தூரம் சட்டென்று விளங்கும்.

இந்த நடையில் ஒரு குறை இருக்கிறது. கோள்கள் எப்போதும் நேர்கோட்டில் நிற்கின்றன என்ற எண்ணத்தை இதுவும் வளர்க்கும். அதை உடைக்க மைதானத்தில் இன்னொரு விளையாட்டு. நடுவில் ஒரு முளை அடித்து, 1.2, 2.2, 3, 4.6 மீற்றர் ஆரைகளில் நான்கு வட்டம் கீறுங்கள். நூலாகத் தங்கூசி நல்லது, இழுபடாது. புதன் வட்டத்தை 3 பங்காகவும் வெள்ளி வட்டத்தை 15 பங்காகவும் புவி வட்டத்தை 12 பங்காகவும் செவ்வாய் வட்டத்தை 23 பங்காகவும் குறியிடுங்கள். ஒரு கைதட்டு ஒரு மாதம். தட்டும்போது வெள்ளி இரண்டு குறி நகர வேண்டும், மற்ற மூவரும் ஒவ்வொரு குறி. பன்னிரண்டு தட்டில் புவிக்கு ஒரு வருடம் முடியும். புதன் அதற்குள் நாலு சுற்று வந்து மூச்சு வாங்கும். செவ்வாய் பாதிதான் வந்திருக்கும். தட்டு ஐந்து செக்கனுக்கு ஒன்றாக இருக்கட்டும். வேகமாகத் தட்டினால் புதன் பிள்ளை ஓடி விழும், குறிகளும் தவறும்.

புவியாக நிற்கும் பிள்ளை செவ்வாயையும் அதற்கு நேர் பின்னால் தெரியும் தென்னையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே போகட்டும். புவி செவ்வாயை முந்தும் இரண்டு மூன்று தட்டுகளில், தென்னைகளுக்கு முன்னால் செவ்வாய் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். பஞ்சாங்கத்தில் ‘வக்கிரம்’ என்று போட்டிருப்பது இதைத்தான். யாரும் பின்னால் போகவில்லை, ஓடுகிற பஸ்ஸிலிருந்து பக்கத்து லொறியை முந்தும்போது அது பின்னால் போகிற மாதிரி இருப்பதுதான். இருபத்தைந்து இருபத்தாறு தட்டுக்கு ஒரு முறை இது நடக்கும். வானத்திலும் செவ்வாயைப் புவி ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு முறைதான் முந்துகிறது.

பஞ்சாங்கம் என்றதும் சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். வேண்டியதில்லை. பிள்ளை கோள்களை முதலில் சந்திப்பது கோயில் நவக்கிரகத்திலும் கிழமைப் பெயர்களிலும்தான். அந்த ஒன்பதில் சூரியனும் சந்திரனும் இருக்கின்றன, புவி இல்லை. இராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல, நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். வெறுங்கண்ணுக்குத் தெரிவதே அரிதான யுரேனஸும் தெரியவே தெரியாத நெப்டியூனும் அதில் இல்லாததில் வியப்பில்லை. யுரேனஸ் 1781 இலும் நெப்டியூன் 1846 இலும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. சனி சூரியனைச் சுற்ற 29.4 வருடம் எடுக்கிறது. அதைப் பன்னிரண்டு இராசிக்குப் பங்கிட்டால் ஓர் இராசிக்கு ஏறத்தாழ இரண்டரை வருடம், மூன்று இராசிக்கு ஏழரை. வியாழன் 11.9 வருடம் எடுப்பதால் குருப்பெயர்ச்சி வருடத்துக்கு ஒன்று. பலன்களை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம், சுற்றுக்காலம் கணக்கு. தரம் 6 பிள்ளைக்கு இந்தப் பங்கிடலைக் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் போய் அம்மம்மாவுக்கு விளக்கும்.

சிறுகோள்களுக்கு வருவோம். நம் பாதையில் அவற்றின் பட்டி 33 மீற்றரில் தொடங்கி 48 மீற்றர் அளவில் முடிகிறது. அதில் மிகப் பெரியது சீரீஸ். 1801 ஜனவரி 1 ஆம் திகதி இத்தாலியின் ஜூசெப்பே பியாற்சி கண்டது, இப்போது குறள்கோள் என்ற வகையில் சேர்க்கப்பட்டுவிட்டது. அதன் விட்டம் 940 கிலோமீற்றர். நம் அளவில் மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று. அட்டையில் கூரான பென்சிலால் தொட்டு வைக்கும் புள்ளிகூட அதைவிடப் பெரிது. பட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தாலும் நிலவின் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் தேறும். ஆகவே அந்த 15 மீற்றரைப் பிள்ளைகள் வெறுமையாகவே கடக்க வேண்டும், கிறவல் அள்ளிப் போடக்கூடாது. 1972 இல் பயனியர் 10 முதன்முதலாக அந்தப் பட்டிக்குள் நுழைந்து ஒரு சேதமும் இல்லாமல் வெளியே வந்தது. திரைப்படத்தில் விமானி கற்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஓட்டுவது வெறும் கண்கட்டு.

அந்தக் கற்கள் விழுந்தால் என்ன ஆகும் என்று காட்ட ஒரு பேசின் போதும். ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணல், மேலே அரிதட்டால் மெல்லியதாகக் கோதுமை மா. போளையை 50, 100, 150 சென்ரிமீற்றர் உயரங்களிலிருந்து போட்டு, குழியின் அகலத்தை அடிமட்டத்தால் அளந்து எழுத வேண்டும். உயரத்துக்கு மூன்று முறை போட்டுச் சராசரி எடுங்கள். கடற்கரை மணலை அப்படியே அள்ளி வந்தால் வேலை கெட்டது. அதிலுள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், போளை குழி பறிக்காமல் பதிந்து நிற்கும். ஆற்று மணலை ஒரு நாள் வெயிலில் பரப்பிக் காயவிட்டு அரித்தெடுக்க வேண்டும். சரிவாக எறிந்தால் இங்கே குழி நீளமாக வரும். நிலவில் பெரும்பாலும் வட்டக் குழிகளே இருப்பதற்குக் காரணம், அங்கே கல் செக்கனுக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் வந்து வெடித்துவிடுகிறது; குழி பறிப்பது கல் அல்ல, வெடிப்பு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது.

வால்வெள்ளி பற்றிப் பிள்ளைகளுக்கு ஊறிப்போன பிழை, வால் எப்போதும் பின்னால் நீளும் என்பது. ராக்கெட்டின் புகைபோல நினைக்கிறார்கள். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னே போகும், தலை பின்னே வரும். இதை ஒரு மேசை ஃபேனால் காட்டலாம். தென்னங்குரும்பை ஒன்றில் ஈர்க்குச் செருகி, 60 சென்ரிமீற்றர் நீளத்தில் நாலைந்து மெல்லிய பொலித்தீன் கீற்றுகளைக் கட்டுங்கள். ஃபேன்தான் சூரியன். பிள்ளை குரும்பையோடு ஃபேனை நெருங்கி, அதன் முன்னால் அரைவட்டமாக நடந்து, விலகிப் போகட்டும். ஃபேனின் தலை பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க ஒருவர் பிடித்துத் திருப்ப வேண்டும், தானாக ஆடும் பொத்தானை அழுத்தி வைத்தால் குழம்பும். இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளினால் கீற்று தொங்கிவிடும். அதுவும் நல்லதே, சூரியனிலிருந்து தூரப் போன வால்வெள்ளிக்கு வாலில்லை என்று சொல்ல இடம் கிடைக்கிறது. கதவு சன்னலைப் பூட்டாமல் செய்தால் வாவிக்காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் இழுத்துவிடும்.

வால்வெள்ளியின் கருவை, அதாவது தலைக்குள் இருக்கும் பனியும் தூசும் கலந்த உருண்டையை, செய்து காட்ட வெளிநாட்டுக் குறிப்புகளில் உலர்பனிக்கட்டி சொல்லியிருப்பார்கள். அது இங்கே எளிதில் கிடைக்காது, வெறுங்கையால் தொட்டால் தோலைச் சுட்டுவிடும். நமக்கு ஐஸ் போதும். நொறுக்கிய ஐஸ் இரண்டு கோப்பை, நுண்மணல் இரண்டு மேசைக்கரண்டி, சிரட்டைக்கரித்தூள் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு, மேலே துவாய் சுற்றி ஒரு நிமிடம் இறுக்கிப் பிசைந்து உருண்டையாக்கி, நாலு மணித்தியாலம் உறைய வைக்க வேண்டும். ஐஸ் பெரிய துண்டாக இருந்தால் ஒட்டாது. மீன் பெட்டியில் கிடந்த ஐஸ் வேண்டாம், உப்பு ஏறியிருந்தால் உறையாமல் ஓடிவிடும். உருண்டையை வெயிலில் ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். ஐஸ் போகப் போகக் கரியும் மணலும் மேலே படலமாகத் தங்கும். 1986 இல் ஜியோட்டோ விண்கலம் அருகில் சென்று படமெடுத்தபோது ஹலி வால்வெள்ளியின் கரு அப்படித்தான் கரிக்கட்டைபோல இருந்தது, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கையே திருப்பியது. இந்த மாதிரியில் ஐஸ் உருகித் தண்ணீராகிறது. விண்வெளியில் அது தண்ணீராகாமல் நேராக ஆவியாகும். அதற்கு ஒரு கற்பூரக் கட்டியைத் தட்டில் திறந்து வைத்து நாளுக்கு நாள் பார்த்தால் போதும். ஈரமே இல்லாமல் கரைந்து போகும். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கற்பூரம் நஞ்சு.

ஹலியையும் நம் பாதையில் வைக்கலாம். சூரியனுக்குக் கிட்ட வரும்போது 8.8 மீற்றர், புதனுக்கும் வெள்ளிக்கும் இடையில். எட்டப் போகும்போது 525 மீற்றர், நெப்டியூனையும் தாண்டி. ஒரு சுற்றுக்கு 76 வருடம் அளவு. அடுத்து 2061 ஜூலையில் வரும், இன்று தரம் 5 இல் இருக்கிற பிள்ளைக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஹலி உதிர்த்துவிட்டுப் போன தூசுக்குள் புவி வருடத்துக்கு இரண்டு முறை புகுகிறது, அப்போது எரிகல் பொழிவு தெரியும். அக்டோபர் பிற்பகுதியில் வருவது நமக்கு மழை முகிலோடு போய்விடும். மே 5, 6 அளவில் உச்சம் பெறுவது நமக்கே உரியது: வானம் வெளித்திருக்கும் காலம், அதிகாலை மூன்றரை முதல் நாலேமுக்கால் வரை கிழக்கே கடலுக்கு மேலே. நிலவில்லாத வருடமாகப் பார்த்து, மணலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் தேவை. நடுவில் ஒருவர் கைத்தொலைபேசியைத் திறந்தால் எல்லாருக்கும் அந்த இருபது நிமிடம் மறுபடி தொடங்கும். ரோச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்புச் சுற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

நம் ஊரின் அமைப்பே வானம் பார்க்கத் தோதானது. எழுவான்கரை, படுவான்கரை என்று ஞாயிற்றை வைத்தே நிலத்துக்குப் பெயரிட்டவர்கள் நாங்கள். காலைக் கோள்களுக்குக் கிழக்கே திறந்த கடல், மாலைக் கோள்களுக்கு மேற்கே வாவியும் வயல்வெளியும். கோள்கள் சூரியனின் பாதையை ஒட்டியே போவதால், நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகைக்குள் இருக்கும் நமக்கு அவை தலைக்கு மேலேயே வருகின்றன. புதனும் வெள்ளியும் அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுவதால் ஐரோப்பாவில் இருப்பவர்களைவிட நமக்கு எளிதில் அகப்படும். பிறை பார்த்துப் பழகிய முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அதே மேற்கு, அதே மஃரிபு வேளை. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்திலிருந்து முக்கால் மணித்தியாலம் வரை புதனைத் தேட ஏற்ற நேரம்.

மினுங்காதது கோள் என்று சொல்லிக்கொடுப்போம். அடிவானத்துக்கு அருகில் இது பொய்த்துப்போகும். தடித்த காற்றினூடாக வெள்ளிகூட மினுங்கும். கொஞ்சம் மேலே வந்த பிறகே இந்தச் சோதனை செல்லும். கைத்தொலைபேசியில் ஸ்டெலாரியம் போன்ற செயலி உதவும், ஆனால் காந்தம் வைத்த உறையோடு பிடித்தால் வடக்கு மேற்காகிவிடும். உறையைக் கழற்றி, தொலைபேசியை எட்டு வடிவில் சுழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

தொலைகாட்டி வாங்கப் பணம் சேர்க்கும் பாடசாலைகளுக்கு ஒரு சொல். முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்று போதும். 1610 இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் அதில் தெரியும், கை நடுங்காதிருந்தால். மதில்மேல் முழங்கையை ஊன்றியோ, தும்புத்தடியின் நுனியில் பைனாகுலரைக் கட்டித் தடியைத் தரையில் ஊன்றியோ பார்த்தால் நடுக்கம் நிற்கும். சனியின் வளையம் இதில் தெரியாது. 25, 30 மடங்கு பெருக்கும் தொலைகாட்டி வேண்டும். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சிட்டு விற்கும் மலிவுத் தொலைகாட்டிகளை வாங்காதீர்கள், தாங்கி ஆடும், பிம்பம் குழம்பும், பிள்ளை வானத்தையே வெறுத்துவிடும். எதைக்கொண்டும் சூரியனைப் பார்க்கவிடாதீர்கள். எக்ஸ்ரே படமும் புகை பிடித்த கண்ணாடியும் காப்பு அல்ல, 2019 டிசெம்பர் கிரகணத்தன்று பலர் அவற்றைத்தான் தேடினார்கள்.

பத்திரிகைக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் சொற்களைப் பற்றி. வால்வெள்ளி என்றால் வால் முளைத்த வெள்ளிக் கோள் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பேச்சில் வெள்ளி என்பது நட்சத்திரத்துக்கும் பெயர் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் தெளிந்துவிடும். சிறுகோள், உடுப்போலி இரண்டும் ஒன்றே; ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் ஆளுங்கள். ‘நட்சத்திரம் விழுந்தது’ என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் மணலளவுத் துகள். கோள்களின் நிலவு எண்ணிக்கையைப் பரீட்சையில் கேட்பதையும் விட்டுவிடலாம். 2025 இல் சனிக்கு மட்டும் ஒரேயடியாக 128 நிலவுகள் சேர்ந்தன, எந்தப் புத்தகமும் அதற்கு ஈடுகொடுக்காது.

கடைசியாக ஒரு திகதி. 340 மீற்றர் அளவான, அதாவது கல்லடிப் பாலத்தைவிடச் சற்று நீளமான அபோபிஸ் என்ற சிறுகோள், 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணியளவில் நம் நேரப்படி புவிக்கு மிக அருகில் வருகிறது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர் உயரம். நம் அட்டையில் குரக்கன் மணியிலிருந்து 3 மில்லிமீற்றர். மோதாது. 2021 இல் ரேடாரால் அளந்து, இன்னும் நூறு வருடத்துக்காவது அந்த ஆபத்து இல்லை என்று நாசா உறுதி செய்துவிட்டது. ஆனால் அன்று சித்திரைப் புத்தாண்டு. வருடப்பிறப்பன்று வானத்திலிருந்து கல் வருகிறது என்று வட்ஸ்அப்பில் என்னென்ன சுற்றும் என்பதை ஊகிக்கப் பஞ்சாங்கம் தேவையில்லை. அந்த வாரச் சிறுவர் பகுதியில் கல்முனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எந்தத் திசையில், எத்தனை மணிக்குத் தேட வேண்டும் என்ற படத்தை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கீழே அந்த ஒரு வரியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
விஞ்ஞானபாட ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.